நான்காம் எண்ணின் முதல் குண்டு

வியாழக்கிழமைகளில் மூன்றரை மணிக்கு லிபுஷே அத்தை பள்ளிச் சமையலறையின் கடைசி அண்டாவைக் கழுவிக் கவிழ்ப்பார். ஏப்ரனைக் கழற்றாமல் அதன்மேலேயே கோட்டைப் போட்டுக்கொண்டு, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் பாதையில் துப்பாக்கிச் சங்கத்துக்கு நடந்து வருவார். கோட்டுக்குக் கீழே ஏப்ரனின் வெள்ளை ஓரம் தெரியும். இலையுதிர்கால மூடுபனியில் தூரத்திலிருந்து பார்த்தால் அந்த வெள்ளை ஓரம் மட்டும் தனியாக மிதந்து வருவது போலிருக்கும்.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. முப்பத்தொரு வருடமாக அதே சமையலறை. எங்கள் ஊரில் நாற்பதுக்குக் கீழே இருக்கும் யாரும் அவருடைய மாவுருண்டையைச் சாப்பிடாமல் வளர்ந்ததில்லை. அதனால் எல்லோருக்கும் அவர் அத்தைதான். தபால்காரர் அத்தை என்பார், பல் டாக்டரும் அத்தை என்பார். கணவர் பிரிந்துபோய் வெகுகாலம் ஆகிறது. மகன் ஓஸ்ட்ராவா நகரத்தில் வெல்டர். கிறிஸ்துமஸுக்கும் திராட்சை அறுவடைக்கும் வருவான். வீட்டில் ஒரு பூனை, ஒரு வானொலி, ஜன்னலோரம் ஏழெட்டு மிளகாய்ச் செடிகள்.

சங்கத்துக்கு அவர் முதலில் வந்தது கூலாஷ் என்கிற இறைச்சிக் குழம்பு கிளற. பத்தொன்பது வருடங்களுக்கு முன், கோடைப் போட்டிக்குச் சமைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். பெண்கள் வரிசையில் ஒரு ஆள் குறைந்தது. சங்கத் தலைவர் ரோஸ்த்யா அப்போது ரயில்வேயில் சிக்னல் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டியோடு நின்ற அத்தையை இழுத்துவந்து, பெட்டியில் மிச்சமிருந்த ஒரு கைத்துப்பாக்கியைக் கையில் திணித்தார். பிடியின் ஒரு மூலை உடைந்திருந்ததால் யாரும் எடுக்காத துப்பாக்கி. பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டில் 4 என்று எழுதியிருக்கும். அன்றைக்கு அத்தை கடைசிக்கு முந்தின இடம். கூலாஷும் அடிப்பிடித்துவிட்டது. அடுத்த வியாழன் யாரும் கூப்பிடாமலே வந்து நின்றார்.

அந்த மாதிரி ஆறு இருந்தன எங்களிடம். முழுக்க எஃகு. கையில் எடுத்தால் ஒரு பாட்டில் ஒயினின் கனம். மூடிப்போன ஏதோ ஒரு ஆலையின் காவலர்களிடமிருந்து வந்தவை. அதே காலத்தில் வந்த இதன் அக்கா தங்கைத் துப்பாக்கிகளைப் பற்றிப் பத்திரிகைகளில் இன்னமும் எழுதுகிறார்கள். இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. செய்தவர்களே மறந்துவிட்டார்கள் என்று தோன்றும்.

அதன் பின்பக்கம், கட்டைவிரல் நகம் அளவுக்கு, தோட்டாவை அடிக்கிற ஒரு சுத்தி வெளியே தெரியும். இப்போது எல்லோரும் வாங்குகிற பிளாஸ்டிக் உடம்புத் துப்பாக்கிகளில் அது இல்லை. அடிக்கிற ஊசி உள்ளேயே ஒளிந்திருக்கும். எத்தனை குண்டு சுட்டாலும் விசைக்கு ஒரே இழுவை. சுத்தி உள்ளது அப்படிக் கிடையாது. சுத்தி படிந்திருக்கும்போது விசையை இழுத்தால், அந்த இழுவையே சுத்தியைப் பின்னால் தூக்கி, உச்சிக்குக் கொண்டுபோய், விடவும் வேண்டும். நீளம், கனம். முதல் குண்டு போனதும் துப்பாக்கி தானாகவே சுத்தியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு தொட்டால் போதும். ஒரே துப்பாக்கிக்குள் இரண்டு குணம், அதுதான் எல்லோருக்கும் எரிச்சல்.

எங்கள் சங்கத்தில் தொடங்கும்போது சுத்தி கீழே இருக்க வேண்டும் என்பது விதி. தோட்டா ஏறியதும் அது விறைத்துக்கொண்டு நிற்கும். குழலை இலக்குகளுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டுக்கு நேராக வைத்து, கட்டைவிரலால் சுத்தியைப் பிடித்துக்கொண்டு, விசையை அழுத்தி, மெல்ல இறக்க வேண்டும். விரல் வழுக்கினால் குண்டு போய்விடும், ஆளும் போட்டியிலிருந்து வெளியே. பையன்கள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வார்கள். லிபுஷே அத்தை வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டு செய்வார்.

"என்ன சொல்றீங்க அத்தை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தூங்குன்னு சொல்றேன்."

உரிமம் இல்லாதவர் சங்கத்துத் துப்பாக்கியைச் சுட வேண்டுமானால், உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அத்தைக்கு உரிமம் கிடையாது. இந்த வசந்தத்தில் நான் ப்ர்னோ நகரத்தில் இயந்திரப் படிப்பு முடித்து ஊர் திரும்பியதிலிருந்து அவர் பக்கத்தில் நிற்பது என் வேலையானது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அப்பா டிராக்டர் ஓட்டுகிறார். பட்டத்தைச் சுவரில் மாட்டினார், அதற்கு நேர் எதிரே சாப்பிட உட்காருவதை மட்டும் தவிர்த்துவிடுகிறார். சங்கத்தில் என் பெயர் பியெதா என்பதே மறந்துபோய், அத்தையைத் தவிர எல்லோருக்கும் இஞ்சினியரம்மா ஆகிவிட்டேன். அதில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு கிண்டல் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

"உரிமம் எடுத்துடுங்களேன் அத்தை. கேள்வித்தாளுக்கு நான் சொல்லித் தர்றேன்."

"எடுத்து? வீட்டுல துப்பாக்கி எதுக்குடி, உருளைக்கிழங்கு உரிக்கவா? இது இங்கயே இருக்கட்டும். வியாழக்கிழமை வந்தா இருக்கணும், அவ்வளவுதான்."

வியாழக்கிழமைகளில் அவர் பேச்சு குறைவு. நிற்பார், மூச்சை விடுவார், விரல் நகரத் தொடங்கும். முதல் இழுவை முடிய அவ்வளவு நேரம் ஆகும். மண்மேட்டின்மேல் பனி இறங்கி, இலக்கு அட்டை கரைந்து, மறுபடி தெரியும். ஒரு காக்கை ஒரு கம்பத்திலிருந்து இன்னொரு கம்பத்துக்குப் போய் உட்கார்ந்துவிடும். நானும் எங்கோ போய்விடுவேன். அப்போதுதான் சத்தம் கேட்கும், யாரோ தோளைத் தொட்டு எழுப்பியது போல.

"அந்த முதல் இழுவை இருக்கே பியெதா, அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும். நானும் எங்கயோ இருப்பேன்."

"எங்க?"

"தெரியல. தண்ணி கொதிக்கறதுக்கு முன்னாடி ஒரு நேரம் வரும் பாரு. அடியில சின்னச் சின்னதா முத்து விடும், சத்தம் இருக்காது. அங்க."

குண்டு விழுந்ததும் நான் தொலைநோக்கியில் இடத்தைப் பார்த்துக்கொள்வேன். முதல் குண்டைத் தனியாகக் குறிப்பது எங்கள் வழக்கம். சுட்டு முடிந்து அட்டையை எடுக்கும்போது அந்த ஓட்டையைச் சுற்றி நீலப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவேன். அத்தை அட்டையை வாங்கி ஏப்ரன் பையில் செருகிக்கொள்வார்.

செப்டம்பரில் ரோஸ்த்யா என்னைக் கூப்பிட்டார். "இஞ்சினியரம்மா, இந்தப் பழைய ஆறையும் வித்துட்டுப் புதுசா மூணு வாங்கலாமான்னு ஒரு பேச்சு ஓடுது. நீ படிச்சவ. மதிப்பெண் நோட்டைப் பாத்து ஒரு பக்கம் எழுதிக் கொடு. நான் சொன்னா கிழவன் பேச்சும்பாங்க."

எழுதினேன். எட்டு வருட நோட்டு, எல்லாப் போட்டிகளும், முதல் குண்டு விழுந்த இடத்தோடு. பழைய ஆறில் விழுந்த முதல் குண்டுகள் பெரும்பாலும் மையத்துக்கு ஒரு சாண் கீழே, இடது பக்கமாக. புதியவற்றில் அப்படி இல்லை. கோடு போட்டு, கட்டம் கட்டி, விற்றுவிடலாம் என்று முடித்தேன். இரண்டு இரவு உட்கார்ந்து செய்த வேலை. எனக்கே அது அழகாகத் தெரிந்தது.

அக்டோபரில் சங்க அறையில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். பாத்ரிக் கை தட்டினான். கார் விற்கிறவன், முப்பது வயது. இடுப்பில் புதுத் துப்பாக்கி, அதற்குப் புது உறை. அத்தை ஜன்னலோரம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நாலாம் நம்பரும் போகுதா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆறும்தான் லிபுஷ்கா," என்றார் ரோஸ்த்யா. "வாத்துப் போட்டி அன்னிக்கு மதியம் கை தூக்கி முடிவு பண்ணுவோம். திங்கக்கிழமை கடைக்காரர் வந்து எடுத்துக்குவாரு. உனக்கென்ன, புதுசுல சுடு."

"சுட்டுப் பாத்தேன். தும்மல் மாதிரி இருக்கு. நான் நினைக்கறதுக்குள்ள போயிடுது."

முந்நூறு பேருக்கு மாவு பிசைகிற விரல் அது. புதுத் துப்பாக்கியின் மெல்லிய விசை அதற்கு இருப்பதாகவே தெரியாது. உரிமம் இல்லாததால் நாலாம் நம்பரை அவர் வாங்கவும் முடியாது. அந்தத் துப்பாக்கி போனால் அத்தையின் வியாழக்கிழமையும் போய்விடும். அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும், வாசித்து முடித்த எனக்கும் தெரியும். வெங்காய வாசனையில் எல்லோர் கண்ணும் கலங்கியிருந்ததால் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

நவம்பரில் புனித மார்ட்டின் நாளை ஒட்டிய சனிக்கிழமை வாத்துப் போட்டி. முதல் பரிசு வறுத்த பெருவாத்து, இரண்டாவது அந்த வருடத்துப் புது ஒயின், மூன்றாவது ஒரு செம்முட்டைக்கோஸ். அன்றைக்குச் சமையல்காரருக்கும் சுட உரிமை உண்டு. சொந்தத் தோட்டா கூடாது. ரோஸ்த்யா ஒரு பச்சைத் தகரப் பெட்டியிலிருந்து ஆளுக்கு ஏழு தோட்டா எண்ணித் தருவார். அவருடைய மாமனார் காலத்துச் சரக்கு. தோட்டாவில் ஊசி வந்து அடிக்கிற பின்தட்டு அவ்வளவு கெட்டி. ஒவ்வொரு வருடமும் நாலைந்து வெடிக்காது. ஒவ்வொரு வருடமும் எல்லோரும் திட்டுவார்கள். பெட்டி மட்டும் தீரவில்லை.

காலையிலிருந்தே பனி. தோட்டத்துக் கம்பங்கள் பாதிக்குமேல் இல்லாமல் நின்றன. சமையலறைப் புகை மேலே போக மனமில்லாமல் இலக்குகளை நோக்கி ஊர்ந்தது. வாத்துக் கொழுப்பு வாசனைக்குள் நின்று எல்லோரும் சுட்டுக்கொண்டிருந்தோம். ரோஸ்த்யாவின் பழைய ரயில்வே விசில் ஊதும்போதெல்லாம், எங்கிருந்தோ ஒரு வண்டி புறப்படப்போவது போலவே எனக்குத் தோன்றியது.

பாத்ரிக் நன்றாகத்தான் சுட்டான். மூன்றாவது தோட்டாவில் 'டிக்' என்று மட்டும் வந்தது. அவன் துப்பாக்கியின் மேல்பாகத்தை இழுத்து அதை வெளியே தள்ள, அது சேற்றில் விழுந்தது. மிச்சம் நாலைச் சுட்டு முடித்தான். ஆறுதான் கணக்கு.

"இது தோட்டாவா, பட்டனா?" என்று கத்தினான்.

"எங்க மாமனாரைத் திட்டாதே," என்றார் ரோஸ்த்யா. "அவரு இருந்தப்பவே திட்டித் தீர்த்தாச்சு."

அத்தை ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஏற்றினார், சுத்தியைத் தூங்க வைத்தார். விசில் ஊதியது. முப்பது வினாடிதான் நேரம். அத்தையின் முதல் குண்டு வர எவ்வளவு ஆனது என்று நான் எண்ணவில்லை. பனியில் அட்டை ஒருமுறை மறைந்து தெளிந்தது. பிறகு சத்தம். அடுத்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக, கதவு தட்டுவது போல. ஐந்தாவதில் 'டிக்'. அத்தை அசையவில்லை. சுத்திதான் இப்போது கீழே இருக்கிறதே, விசையை மறுபடியும் அந்த நீண்ட இழுவையாக இழுத்தார். அது மறுபடி எழுந்து, மறுபடி அடித்தது. இந்த முறை வெடித்தது. ஏழும் அட்டையில்.

"அது போங்காட்டம்!" என்றான் பாத்ரிக். "ஒரே தோட்டாவ ரெண்டு தடவை அடிக்கறாங்க!"

"நீயும் அடியேன்டா, யாரு வேண்டாம்னா?"

"என்னோடதுல முடியாது அத்தை! மேல்பாகத்தை இழுக்காம ஊசி திரும்ப ஏறாது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரோஸ்த்யா தாடியைத் தடவிக்கொண்டு, "இதை எழுதிக்கோ இஞ்சினியரம்மா, வச்சுக்கறதுக்கு ஒரு காரணம் கிடைச்சிருக்கு," என்றார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. என் கட்டங்களிலிருந்து தப்பிக்க ஒரு வழி.

அத்தைதான் தலையாட்டி மறுத்தார். "பாத்ரிக் சொல்றது சரி. கெட்டது தோட்டா. நல்ல தோட்டா வாங்கறவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? அதுக்காகன்னா வச்சுக்காதீங்க."

எனக்கு அவர்மேல் கோபமே வந்தது. கைக்கு வந்ததை ஏன் தட்டிவிடுகிறார்?

பாத்ரிக்கும் அதை எதிர்பார்க்கவில்லை. "சரி, அந்த ரெண்டாம் நம்பரைக் கொடுங்க, இந்தக் கருமத்துல என்னதான் இருக்குன்னு பாப்போம்," என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு சுத்தியை இறக்கினான். முதல் குண்டு ஒரு சாண் கீழே, இடது பக்கம். என் கட்டத்தில் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடம்.

"இந்த முதல் இழுவைக்கு நடுவுல போய் ஒரு டீ குடிச்சுட்டு வரலாம் போல," என்றான்.

"சின்ன வயசுல சூப்பையும் நீ இப்படித்தான் குடிப்ப," என்றார் அத்தை. "முதல் ஸ்பூன்லயே நாக்கைச் சுட்டுக்கிட்டு, அப்புறம் என்னைத் திட்டுவ."

அவன் காது சிவந்தது. சுத்தியை மறுபடி இறக்கினான். விரல் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. சத்தம் வந்தபோது அவனே திடுக்கிட்டான். மையத்துக்கு இரண்டு விரல் தள்ளி. மூன்றாவது முறையும் சுத்தியை இறக்கினான், நான்காவது முறையும். ரோஸ்த்யா சாப்பிடக் கூப்பிடும்வரை துப்பாக்கியைத் திருப்பித் தரவில்லை.

வாத்து, பக்கத்து ஊரில் தேனீ வளர்க்கும் ஒருவருக்குப் போனது. அத்தைக்கு மூன்றாம் இடம், செம்முட்டைக்கோஸ். காலையில் அவரே சந்தையில் வாங்கிவந்தது.

"எப்படியும் நான்தானே நறுக்கணும்," என்று அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். போகும்போது தன் அட்டையை அடுப்புக்குப் பக்கத்திலிருந்த மரப்பெட்டியில் போட்டார். விறகு பற்றவைக்கும் காகிதங்கள் இருக்கும் பெட்டி.

நான் பெட்டிக்குள் கையை விட்டேன். பழைய செய்தித்தாளுக்கு அடியில் அட்டைகள். இந்த வசந்தத்திலிருந்து சேர்ந்தவை. கோடையில் அடுப்பு தேவைப்படாததால் எரியாமல் தப்பியவை. இருபத்திரண்டு. ஒவ்வொன்றிலும் நீலப் பென்சில் வட்டம், நான் போட்டது. தரையில் பரப்பினேன். வட்டங்கள் எல்லாம் நடுவிலேயே கூடியிருந்தன, மாவில் ஒரே இடத்தில் அழுத்திய விரல் தடம் போல.

"முந்தினதெல்லாம் எங்க அத்தை? பதினெட்டு வருஷத்தோடது?" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தேன்.

"எங்க இருக்கும்? கூலாஷுக்கு அடுப்பு மூட்டத்தான்."

மதிப்பெண் நோட்டில் சங்க உறுப்பினர்களின் போட்டி மட்டும்தான் ஏறும். அத்தையின் பெயர் சங்கத் தாள்களில் 'சமையல்' என்று இருக்கிறது. வாத்துப் போட்டியிலும் சமையல்காரருடைய அட்டையை நோட்டில் ஏற்றமாட்டார்கள். நோட்டில் அந்த ஆறையும் சுட்டிருந்தவர்கள், தங்கள் சொந்தத் துப்பாக்கி பழுதானபோது வேறு வழியில்லாமல் ஒரு நாள் கடன் வாங்கியவர்கள். பாத்ரிக் மாதிரியானவர்களின் முதல் குண்டைத்தான் நான் எட்டு வருடத்துக்கு எண்ணியிருக்கிறேன். ஏழு மாதமாகப் பக்கத்தில் நின்று, என் கையாலேயே வட்டம் போட்டும், இது என் எண்ணத்துக்கு வரவே இல்லை. நோட்டில் இல்லாதது எனக்குக் கணக்காகவே தெரியவில்லை. ப்ர்னோவில் ஐந்து வருடம் என்ன படித்தேன் என்று அந்தத் தரையில் உட்கார்ந்து யோசித்தேன். கூலாஷ் கொதிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

துப்பாக்கிகள் பூட்டுக்குள் போன பிறகுதான் எங்களிடம் ஒயின் வெளியே வரும். முதல் கோப்பை ஊற்றியதும் ரோஸ்த்யா மேசையைத் தட்டினார். நான் எழுந்தேன்.

"அக்டோபர்ல நான் வாசிச்சது தப்பு," என்றேன். அட்டைகளை மேசையில் வைத்தேன். நோட்டில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்று சொன்னேன். கொஞ்சம் முன்னால் பாத்ரிக் சுட்டதைச் சொன்னேன்.

அட்டைகள் கை மாறின. தேனீக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். பாத்ரிக்தான் முதலில் பேசினான். "அழகா இருக்கு, இல்லேங்கல. ஆனா இது அத்தையோட விரல். அண்டா கிளறுன விரல். புதுசா வர்ற பசங்களுக்கு அது ஏது? ஆறையும் வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

அது நியாயமான கேள்வி. துப்பாக்கி நல்லதா, ஆள் நல்லவரா என்று இந்த அட்டைகளை வைத்துப் பிரிக்க முடியாது.

அப்போது அத்தை சமையலறை வாசலிலிருந்து பேசினார். கையில் முட்டைக்கோஸ் நறுக்கிய ஊதா நிறம்.

"ஆறு வேணாம். எனக்கு ஒண்ணு வேணும்."

பத்தொன்பது வருடத்தில் அவர் அந்த அறையில் உப்பைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை.

"வீட்டுக்கு வேணாம். இங்கயே இருக்கட்டும். நான் வர்றவரைக்கும் இருந்தா போதும். அப்புறம் யாராவது பையன் எடுத்துப் பாக்கறான்னா பாக்கட்டும், இல்லேன்னா வித்துடுங்க." கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டார். "மாவுருண்டை ஆறிடும். சீக்கிரம் கை தூக்குங்க."

"நாலாம் நம்பர் இங்க இருக்கட்டுங்கறவங்க?" என்றார் ரோஸ்த்யா.

பதினோரு பேரில் ஏழு பேர் தூக்கினார்கள். பாத்ரிக் கடைசியாக, பாதி அளவுக்கு, யாருக்கோ டாக்சி நிறுத்துவது போலத் தூக்கினான்.

திங்கட்கிழமை கடைக்காரர் வந்து மற்றதை எடுத்துப்போனார். அதில் ரெண்டாம் நம்பர் இல்லை. ஞாயிற்றுக்கிழமையே பாத்ரிக் ரோஸ்த்யாவிடம் பேசித் தன் உரிமத்தில் எழுதிக்கொண்டான். "பொண்டாட்டிகிட்ட சொல்லிடாதீங்க, இன்னொண்ணு வாங்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா," என்கிறான். அந்தச் சுத்தியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறான்.

அடுத்த வியாழன் மூன்றே முக்காலுக்குப் பனிக்குள்ளிருந்து வெள்ளை ஓரம் மிதந்து வந்தது. பெட்டகத்தைத் திறந்தேன். ஆறு பள்ளங்களில் ஐந்து காலி. வெல்வெட்டில் அதனதன் வடிவம் மட்டும் அழுந்திக் கிடந்தது. அத்தை அந்தக் காலியிடங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உடைந்த மூலையைக் கட்டைவிரலால் தடவிவிட்டு நாலாம் நம்பரை எடுத்தார்.

புது நோட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து, 'காய்தோஷிகோவா, லிபுஷே' என்று அத்தையின் முழுப் பெயரை எழுதி, அவருடைய அட்டைகளை அதில் செருகிவைத்திருந்தேன்.

"அப்ப அடுப்புக்கு எதை வைக்கறது?"

"என்னோட அக்டோபர் தாள் இருக்கு அத்தை. கெட்டிக் காகிதம். நல்லா எரியும்."

அத்தை சிரித்தார். மண்மேட்டைப் பார்த்துத் திரும்பி, ஏற்றி, சுத்தியின்மேல் கட்டைவிரலை வைத்தார். உதடு அசைந்தது. நான் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அட்டை பனிக்குள் போய்விட்டிருந்தது. விரல் நகரத் தொடங்கியது.